ஆட்டம் பொது, பெயர் யாருடையது?



சென்ற மாதம் முல்லைத்தீவில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காகக் குடும்பத்தோடு புறப்பட்டுப் போனோம். பரந்தனில் திரும்பி, விசுவமடுவையும் தாண்டி, உடையார்கட்டுக்குள் நுழையும்போது எங்கள் வாகனத்தின் பின்சில்லுக் காற்றுப் போய்விட்டது. நல்லவேளையாக டயர் ஒட்டும் கடை ஒன்று கூப்பிடு தூரத்தில் இருந்தது. சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்துத் தேநீர்க் கடையில் அமர்ந்தோம்.

கடை வாசலில், வேப்பமர நிழலில், ஐந்தாறு இளைஞர்கள் நின்றார்கள். ஒருவன் கையில் கைத்தொலைபேசி. மற்றவர்கள் அவனைச் சுற்றி நின்று காரசாரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். கிரிக்கெட்டாக இருக்கும், இல்லாவிட்டால் தேர்தலாக இருக்கும் என்று நினைத்தேன். காதைக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. ஒரு விளையாட்டின் சொந்தக்காரர் யார் என்பதுதான் அவர்களுடைய வழக்கு!

விஷயம் இதுதான். கைத்தொலைபேசி வைத்திருந்த தம்பி உயர்தரம் படித்து முடித்தவன். கணினி வகுப்புக்குப் போய் வந்தவன். எட்டு மாதம் இரவு பகலாக உட்கார்ந்து தமிழில் சொல் அமைக்கும் விளையாட்டு ஒன்றைத் தொலைபேசிக்காகச் செய்திருக்கிறான். அதற்கு அவன் வைத்த பெயர் 'தமிழ் ஸ்கிராபிள்'. நண்பர்கள் ஆடிப் பார்த்துப் புகழ்ந்தார்கள். உலகம் முழுவதும் இறக்கிக்கொள்ளும்படி அதை வெளியிட நாளும் குறித்தாயிற்று. அந்த நேரத்தில் கனடாவிலிருந்து அவனுடைய அத்தான் தொலைபேசியில் கூப்பிட்டு, "பேரைப் பாத்தாலே கம்பனிக்காரன் வழக்குப் போடுவான். பேசாமல் அழிச்சுவிடு" என்று சொல்லிவிட்டார். பையன் இடிந்துபோனான். மடிக்கணினி வாங்குவதற்காக அவன் அம்மா அடகு வைத்த சங்கிலி இன்னும் மீட்கப்படவில்லை.

நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.

"உலகம் முழுக்க ஆடுற விளையாட்டு. எல்லாரும் ஆடுறது எல்லாருக்கும் சொந்தந்தானே?" என்றான் ஒருவன்.

"உன்ரை வயல் வரம்பாலை ஊர் முழுக்க நடக்குது எண்டதுக்காக வயல் ஊராற்றை ஆகுமோ?" என்று கேட்டான் மற்றவன்.

"எங்கடை பக்கத்துத் தாய ஆட்டத்தைக் கொண்டுபோய் லூடோ எண்டு வித்தவங்கள், ஆரிட்டைக் கேட்டவங்கள்?" என்று மூன்றாமவன் குரலை உயர்த்தினான்.

நான் பத்திரிகைக்கு எழுதுகிற ஆள் என்பதை என் மகள் எப்படியோ கடைக்கார அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். செய்தி மரத்தடிக்கும் போய்விட்டது. அந்தத் தம்பி எழுந்து வந்தான். "ஐயா, நீங்கள் சொல்லுங்கோ. நான் செய்தது களவோ?" என்று கேட்டான்.

சில்லு ஒட்டி முடிக்கும்வரை எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி அவன் ஒருவனுடைய கேள்வி மட்டுமா? இன்று எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் கணினியில் எதையாவது செய்துகொண்டிருக்கிறார்கள். பெற்றோருக்கு அது விளங்குவதில்லை. ஆகவே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கல்கத்தா சகோதரர்கள்

ஸ்கிராபிள் என்றால் என்னவென்று அறியாத உம்மாமாருக்காக இரண்டு வார்த்தை. நீளத்துக்கு 15, அகலத்துக்கு 15 கட்டங்கள் கொண்ட ஒரு பலகை. ஆளுக்கு ஏழு எழுத்துக் காய்கள். அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிச் சொற்களை அமைக்க வேண்டும். அரிதாக வரும் எழுத்துக்குப் புள்ளி அதிகம். சில கட்டங்களில் வைத்தால் புள்ளி இரட்டிக்கும், சிலவற்றில் மும்மடங்காகும்.

இதை உருவாக்கியவர் ஆல்ஃபிரட் பட்ஸ். நியூயோர்க்கில் கட்டடக் கலைஞராக இருந்து, 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையை இழந்தவர். ஆங்கிலத்தில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று அறிவதற்காகப் பத்திரிகைப் பக்கங்களை விரித்து வைத்து எழுத்தெழுத்தாக எண்ணினார். அவர் கொண்டுபோய்க் காட்டிய கம்பனிகள் "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பின. பின்னர் ஜேம்ஸ் புரூனோ என்பவர் அதைப் பொறுப்பேற்று, 1948 இல் 'ஸ்கிராபிள்' என்ற பெயரைச் சூட்டிப் பதிவு செய்தார். அதன் பிறகுதான் ஆட்டம் பரவியது. உரிமை பல கை மாறி, இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாஸ்ப்ரோ கம்பனியிடமும், மற்ற நாடுகளில் பார்பி பொம்மை செய்யும் மாட்டெல் கம்பனியிடமும் இருக்கிறது.

கல்கத்தாவைச் சேர்ந்த ரஜத் அகர்வாலா, ஜயந்த் அகர்வாலா என்ற சகோதரர்கள் இந்த ஆட்டத்தை இணையத்தில் ஆடும்படி செய்தார்கள். அதற்கு 'ஸ்கிராபுலஸ்' என்று பெயர் வைத்தார்கள். 2007 இல் அது பேஸ்புக்கில் ஏறியது. அங்கேதான் அதிர்ஷ்டம் அடித்தது. எதிரில் ஆள் இருக்க வேண்டியதில்லை. காலையில் நீங்கள் ஒரு சொல்லை வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். கடல் கடந்து இருக்கும் உங்கள் தங்கை இரவில் தன் சொல்லை வைப்பாள். ஒரே ஆட்டம் வாரக்கணக்கில் ஓடும். 2008 தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஐந்து இலட்சம் பேர் அளவில் அதை ஆடினார்கள்.

கம்பனிகள் விழித்துக்கொண்டன. "எங்கள் ஆட்டம், எங்கள் பலகை, எங்கள் பெயர். இவர்கள் விளம்பரப் பணம் சம்பாதிக்கிறார்கள்" என்றன. 2008 ஜனவரியில் அதை நீக்கும்படி பேஸ்புக்கிடம் கேட்டன. மாட்டெல் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஹாஸ்ப்ரோ அதே ஆண்டு ஜூலையில் நியூயோர்க்கில் வழக்குத் தொடர்ந்தது. சில நாட்களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஸ்கிராபுலஸ் மூடப்பட்டது. ஆகஸ்டில் இந்தியா தவிர மற்ற நாடுகளிலும் மூடப்பட்டது.

ரசிகர்களின் வழக்கு

நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது என்றால், ஆடியவர்களிடையே இன்னொரு வழக்கு நடந்தது. 'ஸ்கிராபுலஸைக் காப்பாற்றுங்கள்' என்று பேஸ்புக்கிலேயே ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்.

அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. "இந்த ஆட்டத்தை மறந்தே போயிருந்தோம். இந்தச் சகோதரர்களால்தான் திரும்பவும் நினைவு வந்தது. கடைக்குப் போய்க் கம்பனியின் அட்டைப் பெட்டியையே வாங்கினோம். இத்தனை காலம் இணையத்தில் ஒரு நல்ல ஆட்டத்தைத் தராமல் கம்பனி என்ன செய்தது?" என்று கேட்டார்கள். நடுவில் நின்றுபோன ஆட்டங்களுக்காக வருந்தினார்கள். தூரத்திலிருக்கும் தாயோடும் பழைய தோழியோடும் தினமும் ஒரு சொல்லாவது பேசுவதற்கு அது ஒரு சாக்காக இருந்தது அல்லவா?

மறுபக்கம் பேசியவர்களிடமும் நியாயம் இருந்தது. "பலகையைப் பார், நிறத்தைப் பார், புள்ளியைப் பார், பெயரைப் பார். ஒன்றாவது சொந்தமாகச் செய்தார்களா? அன்பாக ஆடுகிறோம் என்பதற்காக அடுத்தவன் பொருள் நம்முடையதாகிவிடுமா?" என்றார்கள்.

வாசகர்களே, இந்த இரண்டு பேச்சையும் நீங்கள் எங்கே கேட்டீர்கள்? உடையார்கட்டு வேப்பமரத்தடியில் கேட்டீர்களே, அதே பேச்சுத்தான்! ஆனால் அந்த 2008 இன் பிற்பகுதியில் வன்னியில் போர் மூண்டிருந்தது. ஊரூராக மக்கள் பெயர்ந்துகொண்டிருந்தார்கள். பேஸ்புக் ஆட்டத்தைப் பற்றி அங்கே யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அப்போது கைக்குழந்தையாக இருந்த ஒருவன்தான் இன்று அதே கேள்வியோடு வந்து நிற்கிறான்.

டில்லியில் சொன்னது என்ன?

2008 செப்டம்பர் 17 அன்று டில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ரவீந்திர பட் தமது இடைக்காலத் தீர்ப்பை வழங்கினார். அதில் இரு தரப்புக்கும் பாதிப் பாதி கிடைத்தது.

பெயர் விஷயத்தில் கம்பனி வென்றது. "ஸ்கிராபிள் என்பது இப்போது ஒரு விளையாட்டு வகையின் பொதுப் பெயராகிவிட்டது" என்று சகோதரர்கள் வாதாடினார்கள். நீதிபதி அதை ஏற்கவில்லை. ஸ்கிராபுலஸ் என்ற பெயரைக் கேட்பவர் அது கம்பனியின் பொருள்தான் என்று மயங்க இடமுண்டு என்று கருதி, அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடையுத்தரவு பிறப்பித்தார்.

பலகை விஷயத்தில் கம்பனி தோற்றது. பலகைக்குப் பதிப்புரிமை கேட்டார்கள். நீதிபதி மறுத்தார். காரணத்தைக் கவனியுங்கள். ஓர் ஆட்டத்தின் கருத்து வேறு, அதை வெளிப்படுத்தும் வடிவம் வேறு. சட்டம் வடிவத்தைக் காக்கும், கருத்தைக் காக்காது. ஆனால் ஒரு கருத்தை ஓரிரு வழிகளில் மட்டுமே வெளிப்படுத்த முடியும் என்றால், கருத்தும் வடிவமும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அப்போது வடிவத்துக்கு உரிமை கொடுத்தால் அந்த ஆட்டத்தையே ஒருவருக்கு ஏகபோகமாக எழுதிக் கொடுத்ததாகிவிடும். அது கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

இது விளங்கவில்லையா? சமையலறைக்கு வாருங்கள். வட்டிலப்பம் செய்யும் முறை யாருக்குச் சொந்தம்? யாருக்கும் இல்லை. முட்டை, தேங்காய்ப் பால், கருப்பட்டி, ஏலக்காய் சேர்த்து யார் வேண்டுமானாலும் அவிக்கலாம். ஆனால் ஊரில் பேர்பெற்ற ஒரு கடையின் பெயரை உங்கள் பெட்டியில் ஒட்டி விற்கலாமா? கூடாது. இன்னொருவர் எழுதிய சமையல் புத்தகத்தின் பக்கத்தை அப்படியே அச்சடித்து உங்கள் பெயரில் வெளியிடலாமா? அதுவும் கூடாது. முறை பொது. பெயர் கடைக்காரருடையது. எழுத்து எழுதியவருடையது. விளையாட்டிலும் இதே மூன்று பங்குதான்.

தீர்ப்புக்குப் பிறகு கல்கத்தா சகோதரர்கள் என்ன செய்தார்கள்? அழித்துவிட்டு உட்கார்ந்து அழவில்லை. பெயரை 'லெக்ஸுலஸ்' என்று மாற்றினார்கள். ஏழு எழுத்துக்குப் பதிலாக எட்டு எழுத்தைக் கையில் கொடுத்தார்கள். புள்ளிகளையும் மாற்றினார்கள். அதற்கு முன்னரே வட்டக் காய்களோடு 'வேர்ட்ஸ்கிரேப்பர்' என்ற இன்னோர் ஆட்டத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். 2008 டிசம்பரில் ஹாஸ்ப்ரோவும் சமரசத்துக்கு வந்து அமெரிக்க வழக்கைக் கைவிட்டது. ஸ்கிராபுலஸ் என்ற பெயரை இனிப் பயன்படுத்துவதில்லை என்று சகோதரர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

மொஸ்கோவில் பிறந்த ஆட்டம்

இவ்வளவையும் சொல்லிக்கொண்டிருந்தபோது டயர் ஒட்டுபவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நான் பள்ளிக்கூடம் போற காலத்திலை ஒரு சின்னப் பெட்டி வந்தது ஐயா. கட்டை விழும், அடுக்க வேணும்" என்றார். 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது அவருடைய மாமா வவுனியாவிலிருந்து வாங்கி வந்தாராம். பல வருடப் பொருளாதாரத் தடைக்குப் பிறகு பற்றரி தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய காலம் அது. 2009 இல் இடம்பெயர்ந்தபோது அந்தப் பெட்டியும் எங்கேயோ போய்விட்டது. "அந்த விளையாட்டு ஆற்றை?" என்று கேட்டார்.

அதன் பெயர் டெட்ரிஸ். அதற்கும் ஒரு வழக்குக் கதை உண்டு. 1984 இல் மொஸ்கோவில் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் அதைச் செய்தார். அன்றைய சோவியத் நாட்டில் தனிமனிதர் அதை விற்றுப் பணம் பண்ண வழியில்லை. உரிமையைப் பத்து வருடங்களுக்கு அரசாங்கத்தின் பக்கம் விட்டுக்கொடுத்தார். அதற்குள் ஆட்டம் எல்லையைக் கடந்து போய்விட்டது. உரிமை தங்களிடம் இருப்பதாகச் சொல்லி ஒருவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் மற்றொருவருக்கு விற்றார். மூலப் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்ததோ கணினிக்கான உரிமை மட்டும்! தொலைக்காட்சியில் பொருத்தி ஆடும் பெட்டியும், கையில் பிடித்து ஆடும் பெட்டியும் அதில் சேரவில்லை. 1989 இல் அந்த உரிமைகளை நிண்டெண்டோ கம்பனி மொஸ்கோவிலிருந்து நேரடியாகப் பெற்றது. டெங்கன் என்ற மற்றக் கம்பனி தன் ஆட்டத்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அமெரிக்க நீதிமன்றம் அப்படி உத்தரவிட்டது.

கம்பனிகள் கோடிக்கணக்கில் சம்பாதித்தன. செய்தவருக்கு உரிமை திரும்பக் கிடைத்தது 1996 இல். பன்னிரண்டு வருடங்கள்! அந்தப் பன்னிரண்டு வருடமும் உலகம் அவருடைய ஆட்டத்தை ஆடியது. டயர் கடைக்காரர் சிறு வயதில் ஆடிய பெட்டி போன்றவற்றில் உரிமை வாங்காமல் செய்த நகல்கள் ஏராளம். அதை வாங்கி ஆடிய பிள்ளையின் மீது குற்றமில்லை. அதைச் செய்து விற்றவர் கணக்குச் சொல்ல வேண்டியவர்.

டெட்ரிஸ் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அது எங்கள் தம்பிக்கு மிகவும் வேண்டியது. எக்ஸியோ என்ற சிறிய அமெரிக்கக் கம்பனி ஐபோனுக்காக 'மினோ' என்ற ஆட்டத்தைச் செய்தது. டெட்ரிஸ் என்ற பெயரைத் தொடவில்லை. "விதிகள் பொது. ஆகவே நாங்கள் எடுத்தோம்" என்று வாதாடியது. 2012 மே மாதத்தில் நியூ ஜேர்சி நீதிமன்றம் அந்தக் கம்பனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. விதிகளை எடுக்கலாம் என்பது சரி. ஆனால் கட்டைகளின் தோற்றம், பலகையின் அளவு, கட்டை எங்கே விழும் என்று காட்டும் நிழல், இப்படித் திரையின் தோற்றத்தையே எடுத்து வைத்தால் அது நகல்தான் என்றது. வேறுவிதமாக வரைய வழியிருந்தும் ஏன் அதே மாதிரி வரைந்தாய் என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி.

டில்லியில் பலகைக்கு உரிமை இல்லை. நியூ ஜேர்சியில் தோற்றத்துக்கு உரிமை உண்டு. இரண்டும் வெவ்வேறு ஆட்டம், வெவ்வேறு நாட்டுச் சட்டம். ஆனால் இணையத்தில் வெளியிடும் பொருள் எல்லா நாட்டிலும் இறங்குகிறது. எனவே ஒரு நாட்டுத் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டுத் துணிந்து இறங்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

நம் நாட்டுச் சட்டம்

இலங்கையில் இந்த விஷயங்களை 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கவனிக்கிறது. கருத்து, முறை, செயற்படுத்தும் வழி ஆகியவற்றுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்று அதன் 8 ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே 'எழுத்துகளை அடுக்கிச் சொல் அமைத்துப் புள்ளி பெறுவது' என்ற முறை எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

அதே சட்டம் கணினி நிரலை ஓர் எழுத்துப் படைப்பைப் போலக் காக்கிறது. இதற்குப் பதிவு வேண்டியதில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. எழுதியவரின் ஆயுட்காலமும், அவருக்குப் பின் 70 வருடங்களும் அது நிலைக்கும். உடையார்கட்டில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்துப் படித்த தலைமுறையின் பிள்ளை தன் மடிக்கணினியில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும், பெரிய நகரத்துக் கம்பனிக்காரர் எழுதிய வரிக்கும் சட்டத்தின் முன் ஒரே மதிப்புத்தான். இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

பெயர் வேறு வகை. பெயரும் சின்னமும் வியாபாரக் குறிகள். அவற்றைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியலாம். பதிவு 10 வருடங்களுக்கு. பின்னர் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதிப்புரிமை ஒரு நாள் முடியும். பெயரின் உரிமை, புதுப்பிக்கும் வரை முடிவதில்லை. ஆகவேதான் பெயர் விஷயத்தில் கம்பனிகள் இவ்வளவு கண்ணும் கருத்துமாக இருக்கின்றன.

தாயத்தைப் பற்றிக் கேட்ட அந்த மூன்றாவது தம்பிக்கும் பதில் சொல்ல வேண்டும். அவன் கோபம் நியாயமானது. தாயத்தோடு உறவுடைய பச்சீஸ் ஆட்டம்தான் இங்கிலாந்து போய் லூடோ ஆனது. நம் பரமபதம் போன்ற ஆட்டம்தான் அங்கே பாம்பும் ஏணியும் ஆனது. கேட்டு எடுக்கவில்லை. உண்மை. ஆனால் அதனால் தாயம் நம்மிடமிருந்து போய்விட்டதா? இன்றும் தரையில் கட்டம் கீறி, புளியங்கொட்டையை உரைத்துப் போட்டு ஆடுகிறோம். தடுக்க யாராலும் முடியவில்லை. முறை பொது என்ற சட்டம் அவர்களை எடுக்க விட்டது. அதே சட்டம்தான் இன்று இந்தத் தம்பியையும் ஸ்கிராபிளின் முறையை எடுக்க விடுகிறது. அவர்கள் கேட்காமல் எடுத்தார்கள் என்பதைக் காட்டி, நாம் அடுத்தவர் பெயரைக் கேட்காமல் எடுப்பது கணக்குத் தீர்ப்பதாகாது.

அந்தத் தம்பிக்குச் சொன்னது

"களவோ?" என்று கேட்டவனிடம் முதலில் நான் ஒரு கேள்வி கேட்டேன். "தமிழில் எழுத்து 247 ஆயிற்றே. அத்தனைக்கும் காய் எப்படிச் செய்தாய்?"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் அவனை மாதக்கணக்கில் வதைத்த கேள்வியாம். 247 காய் வைத்தால் ஆட்டமே நடக்காது. ஆகவே ஒரு மெய்க்குரிய காயை அந்த வரிசையின் எந்த உயிர்மெய்யாகவும் வைக்கலாம் என்று விதி செய்தான். ககரக் காய் ஒன்றே க, கா, கி, கீ என்று இடத்துக்கேற்ப நிற்கும். எந்த எழுத்துக்கு எத்தனை காய், எத்தனை புள்ளி என்று தீர்மானிக்கப் பழைய தமிழ்ப் பத்திரிகைகளை எடுத்து எண்ணினான். ஒரு கொப்பி முழுக்கக் கோடு போட்டு எண்ணி வைத்திருக்கிறான். ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற மனிதரைப் பற்றி அவன் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை!

"தம்பி, இதெல்லாம் உன் சொந்த உழைப்பு. இதை ஏன் அழிக்க வேண்டும்? உன்னுடையதல்லாதது இரண்டுதான். ஒன்று அந்தப் பெயர். மற்றது அந்தப் பலகையின் நிறமும் கட்டங்களின் அமைப்பும். அவற்றை இறக்கி வைத்துவிடு. மிச்சம் எல்லாம் உன்னுடையது" என்றேன்.

பெயரை மாற்றுவதென்றால் ஒலியிலும் நெருங்காத பெயராக இருக்க வேண்டும். கல்கத்தாச் சகோதரர்களைப் பிடித்தது அந்த ஒலிதானே? பலகையைத் தானே புதிதாக வரைய வேண்டும். இரட்டிப்பு, மும்மடங்குக் கட்டங்கள் தமிழ்ச் சொல்லின் நீளத்துக்கு ஏற்ப எங்கே வர வேண்டும் என்று யோசித்தால் அமைப்பும் தானாக மாறும். ஆட்ட விதிகளைச் சொந்த வசனத்தில் எழுத வேண்டும். அந்தக் கொப்பியைத் திகதியோடு பத்திரப்படுத்த வேண்டும். நாளைக்கு இவனுடைய விதியையும் நிரலையும் வேறொருவர் எடுத்தால், "இது நான் செய்தது" என்று காட்ட அதுதான் சாட்சி. பணம் வரத் தொடங்குமுன் இந்தத் துறை தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். பின்னால் வரும் செலவைவிட அந்தக் கட்டணம் சிறியது.

ஒரு நண்பனுக்கு இது பிடிக்கவில்லை. "ஐயா, ஸ்கிராபிள் எண்ட பேர் இருந்தால் ஆயிரம் பேர் தேடி வருவினம். புதுப் பேருக்கு ஆர் வருவினம்?" என்றான்.

சரியாகத்தான் சொன்னான். ஆயிரம் பேர் தேடி வருவது அந்தப் பெயருக்காக. அந்தப் பெயருக்கு அந்த மதிப்பை உண்டாக்கியவர்கள் 1948 முதல் அதை வளர்த்தவர்கள். விதைக்காத வயலில் அறுவடைக்கு நிற்பதுதான் பிழையாகிறது. வயல் வரம்பைப் பற்றிப் பேசிய தம்பி இதைக் கேட்டுத் தலையை ஆட்டினான். உடையார்கட்டுக் குளத்துத் தண்ணீரில் விதைக்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு இதற்குமேல் விளக்கம் எதற்கு? குளம் எல்லோருக்கும் பொது. வரம்புக்குள் விளைந்தது விதைத்தவருக்கு.

சில்லுப் பூட்டியாயிற்று. புறப்படும்போது அவனிடம் என் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன்.

சென்ற கிழமை கூப்பிட்டான். அழிக்கவில்லை. பலகையை முழுவதும் புதிதாக வரைந்துவிட்டானாம். அதற்கு இன்னும் ஒன்றரை மாதம் கூடுதலாகப் பிடித்தது. பழைய நிறங்கள் நன்றாக இருந்தன என்று நண்பர்கள் இப்போதும் குறை சொல்கிறார்களாம். புதுப் பெயர் ஒன்றைத் தெரிவு செய்து வைத்திருக்கிறான். பதிவுக்குக் கொடுக்கும்வரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ஆகவே இங்கே எழுதவில்லை. "அழிச்சுவிடு" என்று சொன்ன கனடா அத்தானும், உடையார்கட்டிலிருக்கும் அவனுடைய அம்மம்மாவும் தினமும் ஆளுக்கொரு சொல்லாக ஓர் ஆட்டத்தை நடத்திக்கொண்டிருக்கிறார்களாம். அம்மம்மாதான் முன்னுக்கு நிற்கிறா என்று சொல்லிச் சிரித்தான். சங்கிலி மட்டும் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கணினியில் ஏதாவது செய்து கொண்டுவந்து காட்டினால், "இதில் எவ்வளவு காசு வரும்?" என்று முதலில் கேட்காதீர்கள். "வீண் வேலை" என்று தள்ளியும் விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இதில் உன்னுடையது எது? அடுத்தவருடையது எது?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளை அடுத்தவர் பொருளில் கைவைக்க மாட்டான். முதற் கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளை, யாரோ தொலைபேசியில் பயமுறுத்தினார் என்பதற்காகத் தன் எட்டு மாத உழைப்பை அழித்துவிடவும் மாட்டான்.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.